ஆகாதுன்னு எழுதினவ

அம்மிணி, அந்தச் சன்னல் கண்ணாடியைக் கொஞ்சம் சாத்தி உடு. காத்து மூஞ்சியிலயே அடிக்குது. ஆங், போதும். பையி உன்ற காலை இடிக்குதா? இல்லையில்லை, மேலயெல்லாம் வெக்க முடியாது, உள்ள காகிதம் இருக்குது, கசங்கிப் போயிரும். மடியிலயே இருக்கட்டும், எனக்கொண்ணும் பாரமில்லை.

நீ காந்திபுரம் வரைக்குமா? நான் கணபதியில எறங்கிக்குவேன். ஒருத்தியைப் பாக்கப் போறேன். ஒறம்பரை, சொந்தம்னு ஒண்ணும் இல்லை, சிநேகிதமும் இல்லை. அவ மூஞ்சியை நான் நேர்ல பார்த்ததே கெடையாது. ஆனா போன வருசத்து ஆடியில இருந்து காத்தால எந்திரிச்சா அவ நெனப்புதான். பல்லு வெளக்கறப்போ அவளைத் திட்டிக்கிட்டேதான் வெளக்கறது. இன்னிக்கு அதுக்கெல்லாம் ஒரு முடிவு கட்டாம நான் கோபிக்குத் திரும்பறதா இல்லை.

நீ டி.வி. பாப்பியா? ‘பூந்தோட்டத் தெரு’ன்னு ஒரு சீரியல் வந்துச்சு. பாக்கலையா? போச்சாது போ. அதுல நிலவழகின்னு ஒரு பொண்ணு, துரைசிங்கம்னு ஒரு பையன், எதிரெதிர் ஊடு. கல்யாணத்துக்கு நாள் குறிச்சாச்சு, பந்தக்கால் நட்டாச்சு, அத்தோட டக்குனு நிறுத்திப்புட்டான் சேனல்காரன். நட்ட பந்தக்காலை அப்படியே போட்டுட்டுப் போனா நாங்க என்ன பண்றது? நாங்களே எழுத ஆரம்பிச்சோம். ஃபேன் ஃபிக்சன்னு சொல்லுவாங்களாம். நாங்க ‘தெருக்கதை’ம்போம். அதே ஆளுங்களை வெச்சு நம்ம மனசுக்குப் புடிச்ச மாதிரி எழுதிக்கறது. அதுக்கு ஒரு வாட்சப் குரூப்பு, பேரு ‘தெருக்காரங்க’. அட்மின் நானு. எனக்குத் துணைக்கு ஆம்பூர்ல இருந்து பர்வீன்னு ஒரு பொண்ணு.

சிரிக்காதே. எங்க ஊட்டுக்காரரும் இப்படித்தான் சிரிப்பாரு. “இல்லாத ஆளுங்களுக்கு இவ கல்யாணம் பண்ணி வெக்கறா”ம்பாரு. நான் எழுதினதுல ஒரு வரி அவரு படிச்சதில்லை. என்ற பையன் படிச்சதில்லை. சரி, அது கெடக்கட்டும்.

வருசா வருசம் ஆடிப்பெருக்குக்கு எங்க குரூப்புல சீர் உண்டு. பொறந்த ஊட்டுல இருந்து சீர் வருமல்ல, அது மாதிரி கதைச்சீர். சீட்டுக் குலுக்கி யாரு யாருக்கு எழுதறதுன்னு முடிவு பண்ணுவோம். யாரு எழுதறாங்கன்னு வாங்கறவங்களுக்குத் தெரியக்கூடாது, கடைசியிலதான் பேரைச் சொல்லுவோம். அதுக்கு முன்னாடி ஒவ்வொருத்தரும் ரெண்டு சேதி சொல்லோணும். இன்ன மாதிரி கதை வேணும்னு ‘ஆசை’. இன்னதெல்லாம் என்ற கதையில வரக்கூடாதுன்னு ‘ஆகாது’. ஒருத்திக்குப் பேய் ஆகாது. ஒருத்திக்குக் கொழந்தைக்குச் சீக்கு வர்றது ஆகாது. ஏன் ஆகாதுன்னு யாரும் கேக்கப்படாது. ஆகாதுன்னு சொன்னதைக் கொண்டு போய் ஒருத்தர்கிட்ட நீட்டினா குரூப்பை உட்டே வெளிய போயிரோணும்.

அப்பறம், வாங்கினவங்க படிச்சுட்டு அன்னிக்கே எல்லாரு முன்னாடியும் நன்றி சொல்லோணும். எழுதினவங்க, எதுக்கு எழுதினேன், என்ன நெனச்சு எழுதினேன்னு விளக்கம் சொல்லப்படாது. தாராபுரத்துக்காரர் ஒருத்தர் கதையை ஒரு பக்கமும் விளக்கத்தை நாலு பக்கமும் எழுதிப்போட்டாரு, அதுக்கோசரம் போட்ட விதி அது. எல்லா விதியும் நான் எழுதினதுதான். எழுதினா மட்டும் போதுமா, நடத்தோணுமல்ல? மேட்டூர் கலைமதி ஒரு வருசம் ஆனிக் கடைசியில குடுக்க வேண்டிய கதையை ஒரு நாள் பிந்திக் குடுத்தா. ஏன்னு கேட்டா அன்னிக்கு அவளுக்குக் கல்யாணமாம். கல்யாணத் தேதி என்ன திடீர்னா வரும்? பத்திரிகை அடிச்சாங்களா இல்லையா? அடுத்த வருசம் சீர்ல சேக்கலை. பர்வீன் அழாத கொறையாக் கேட்டா, முடியாதுன்னுட்டேன். எனக்கு ஆருமேலயும் பகை இல்லை அம்மிணி. விதின்னா விதி.

இப்ப நான் பாக்கப் போறவ பேரு அம்சவேணி. குரூப்புலயே நல்லா எழுதறவ அவதான். அதை நான் இல்லைங்கலை. அவ கதை போட்டா அன்னிக்கு ஆரும் சோறாக்க மாட்டாங்க. அவ ஒருத்தி என்ற கதையைப் படிச்சு, இன்ன எடம் நல்லா இருக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லீட்டா எனக்குப் போதும்னு இருந்துச்சு. ஊட்டுல படிக்கறதுக்கு ஆளில்லாதவளுக்கு அந்த ஆசை இருக்கும், அது உனக்குச் சொன்னாப் புரியாது.

போன வருசம் சீட்டுல எனக்கு அவ பேரு வந்துச்சு. தானா வந்துச்சு, சத்தியமா. அவ என்ன ஆசை சொல்லியிருந்தா தெரியுமா? “துரைசிங்கமும் நிலவழகியும் கெழவன் கெழவி ஆகி, ஓயாம சண்டை போட்டுக்கிட்டு இருக்கோணும்.” ஐயோ, எனக்குன்னே கேட்ட மாதிரி இருந்துச்சு! எங்க ஊட்டுச் சண்டை பூராத்தையும் எடுத்து எழுதினேன். ஒரே கட்டிலு, ஒரே ஃபேனு. அவனுக்கு அஞ்சுல ஓடோணும், அவளுக்கு ரெண்டுல ஓடோணும். அவன் எந்திரிச்சுப் போய்த் திருப்புவான், அவ எந்திரிச்சுப் போய்த் திருப்புவா. இதுலயே பேச்சு வார்த்தை நின்னு போயிரும். ஒரு மத்தியானம் கரண்டு போயிருது. அவன் மூஞ்சியைச் செவுத்துப் பக்கம் திருப்பிக்கிட்டு, கோவத்துல இருக்கற மாதிரியே, பழைய கல்யாணப் பத்திரிகை ஒண்ணை எடுத்து அவளுக்கு வீசறான். அவ கண்ணை மூடிக்கிட்டே, “ரெண்டுல வீசு, அஞ்சு வேண்டா”ங்கறா. அத்தோட முடிச்சேன். எழுதி முடிச்சுட்டு நானே அழுதேன் அம்மிணி. என்ற ஆயுசுல அப்படி ஒண்ணு எழுதினதில்லை, இனி எழுதப்போறதும் இல்லை.

ஆடி பதினெட்டு காத்தால சீர் பிரிச்சோம். ஒவ்வொருத்தியும் பத்தி பத்தியா எழுதறா, “இந்த எடத்துல சிரிச்சேன், அந்த எடத்துல கண்ணு கலங்குச்சு”ன்னு. நான் குளிக்கப் போகலை, சாப்பிடலை. போனைக் கையிலயே வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். மத்தியானத்துக்கு மேல அம்சவேணிகிட்ட இருந்து வந்துச்சு. ஒரு வார்த்தை. “நன்றி.”

அவ்வளவுதான். முன்னாடியும் இல்லை, பின்னாடியும் இல்லை. பால்காரனுக்குச் சொல்ற மாதிரி ஒரு நன்றி. விதிப்படி அது செல்லும். அதுல தப்புச் சொல்ல முடியாது, அதுதான் எனக்கு இன்னும் எரிஞ்சுது. மறுநாள் ஏதாச்சும் எழுதுவான்னு பாத்தேன். அடுத்த வாரம் பாத்தேன். பொங்கல் வரைக்கும் பாத்தேன். குரூப்புல அவ வாயே தொறக்கலை. பெரிய எழுத்தாளினி, நம்ம கூடப் பேசுவாளான்னு நெனச்சுக்கிட்டேன்.

சரி, அதையும் முழுங்கீட்டேன். இந்த வருசம் கேளு. சீருக்குப் பேரு குடுக்கச் சொன்னோம். அவளும் குடுத்தா. ஆசை: “நிலவழகி தனியா இருக்கற கதை.” ஆகாது: “ஆஸ்பத்திரி ஆகாது.” அதுக்கடுத்து என்ன போட்டிருந்தாங்கறே? “ரெண்டு பேரும் சேந்து கெழவன் கெழவி ஆகற கதை ஆகாது.”

பாத்தியா? என்ற கதையை! போன வருசம் இவளே கேட்டு, நான் உசுரைக் குடுத்து எழுதின கதையை, இந்த வருசம் ஆகாதுல போடறா. நம்ம சமைச்சுப் போட்டதைத் தின்னுட்டு, அடுத்த விருந்துக்கு வந்து, “அதை மட்டும் எனக்கு வெக்காதீங்க”ன்னு பந்தியில சொல்ற மாதிரி. அந்த ஆகாதெல்லாம் குரூப்பு பூராவும் படிக்கும். எனக்கு ஒடம்பெல்லாம் பத்திக்கிச்சு. இவளைச் சும்மா உடறதில்லைன்னு அன்னிக்கே முடிவு பண்ணினேன்.

சீட்டுக் குலுக்கறது எப்பவும் நான்தான். வீடியோ கால்ல பர்வீன் பாத்துக்கிட்டிருப்பா. அம்சவேணி சீட்டை மட்டும் வளையலுக்குள்ள சொருகி வெச்சுக்கிட்டேன். என்ற முறை வந்தப்போ டப்பாவுக்குள்ள கையை உட்டு அதையே எடுத்தேன். என்ன அப்படிப் பாக்கறே? சீட்டு வளையலுக்குள்ள இருக்கப்படாதுன்னு எந்த விதியிலயும் எழுதலை. விதி எழுதினவளுக்குத் தெரியாதா?

தனியாத்தானே வேணும்? வெச்சுக்கன்னு எழுத உக்காந்தேன். ஆஸ்பத்திரி இல்லை. கெழவன் கெழவி இல்லை. சாவு ஆகாதுன்னு அவ சொல்லலை, ஆனாலும் நான் ஆரையும் சாகடிக்கலை. துரைசிங்கம் சேமியா வாங்கிட்டு வர்றேன்னு செருப்பைப் போட்டுக்கிட்டுக் கெளம்பறான். வரவே இல்லை. ஏன் வரலைன்னு கதையில எங்கயும் சொல்லமாட்டேன். ஆரும் கேக்கவும் மாட்டாங்க. நிலவழகி காத்தால எந்திரிச்சு ரெண்டு டம்ளர்ல காப்பி ஊத்தறா. ஒண்ணைக் குடிக்கறா. இன்னொண்ணு ஆறிப் போயிருது. பொழுதோட அதைக் கொட்டிக் கழுவி வெக்கறா. மறுநாளும் ரெண்டு டம்ளரு. கதை பூரா அவ்வளவுதான். கடைசியில ஒரு நாள் அவ எதையும் நெனைக்காமயே, கை தானா ஒரே ஒரு டம்ளரை எடுத்து வெக்குது. அதைப் பாத்துக்கிட்டே நிக்கறா. முடிஞ்சுது.

நல்லா நெனச்சு நெனச்சு, எங்க குத்தினா வலிக்குமோ அங்கயே குத்தற மாதிரி எழுதினது. அவளுக்குத் துரைசிங்கம்னா உசுரு, அதனால அவனையே இல்லாமப் பண்ணினேன். நிலவழகி வாயில ஒரு நல்ல வார்த்தை வெக்கலை. அனுப்பிட்டு நிம்மதியாத் தூங்கினேன். எங்க, இதுல ஒரு விதி மீறல் காட்டு பாக்கலாம்?

புளியம்பட்டி வந்துருச்சா? டீ குடிக்கறியா? சரி, உடு. வண்டி அஞ்சு நிமிசம்கூட நிக்காது.

இந்த வருசம் ஆடி பதினெட்டு. சீர் பிரிச்சாச்சு. அவகிட்ட இருந்து சத்தமே இல்லை. எனக்கு உள்ளுக்குள்ள குளுகுளுன்னு இருக்குது. அப்பப் பாத்து பர்வீன் கூப்பிடறா. குரலே சரியில்லை. “அக்கா, அம்சவேணி அக்காவுக்கு நீங்களா எழுதுனீங்க? நான் இப்பத்தான் படிச்சேன். ஏங்க்கா இப்படி எழுதுனீங்க? அவங்க வீட்டுக்காரர் போன வருசம் இதே நாள்தான் தவறிட்டாருக்கா. பத்து நாளா ஆஸ்பத்திரில கிடந்தாரு. யாருக்கும் சொல்ல வேணாம்னு என்கிட்ட சொல்லியிருந்தாங்க. ஆஸ்பத்திரி வராண்டாவுல இருந்துதான் உங்களுக்கு நன்றி போட்டாங்க.”

எனக்கு எப்படித் தெரியும், சொல்லு? ஏன் ஆகாதுன்னு கேக்கப்படாதுன்னு விதி. நான் கேக்கலை. கேட்டிருந்தாத்தான் தப்பு. அதுவும் இல்லாம, நன்றின்னு ஒரு வார்த்தை தட்டத் தெரிஞ்ச கைக்கு இன்னும் நாலு வார்த்தை தட்ட எத்தனை நேரமாகும்? இப்படித்தான் பர்வீன்கிட்டக் கேட்டேன். அவ போனை வெச்சுட்டா. சின்னப்புள்ளை, கோவம் வந்துருச்சு. எனக்கும் மனசு என்னமோ மாதிரிதான் இருந்துச்சு. கல்லா நான்? அன்னிக்குப் பூரா சோறு எறங்கலை.

பொழுது சாயறப்போ அவ நன்றி வந்துச்சு. இந்தா, போன்ல வெச்சிருக்கேன், படிக்கறேன் கேளு. “இதை எழுதியவர் யார் என்று எனக்கு இன்னும் தெரியாது. அந்த இரண்டாவது டம்ளர் எங்கள் வீட்டிலும் இருந்தது. அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் ஆறுதல் சொல்ல வந்துவிடுவார்கள். இந்தக் கதையில் யாரும் நிலவழகிக்கு ஆறுதல் சொல்லவில்லை. யாரும் ஏன் என்று கேட்கவில்லை. ஒரு வருடமாக எனக்கு அழுகை வரவில்லை. இன்று மதியம் வந்தது. இந்தத் தெருவில் எனக்கு வந்த சீர்களிலேயே நல்ல சீர் இதுதான்.”

இன்னும் ரெண்டு பத்தி இருக்குது, உடு. அதுக்குக் கீழ குரூப்பே கூடி நின்னு அழுகுது. “ஆரு எழுதினது, ஆரு எழுதினது”ன்னு ஒரே கேள்வி. பேரைச் சொன்னதும் என்னைத் தூக்கி வெச்சுக் கொண்டாடறாங்க. நான் ஏங்கிக் கெடந்தனல்ல ஒரு வார்த்தைக்கு? மூணு பத்தி வந்துச்சு.

வயிறு எரியுது அம்மிணி! நல்ல சீர் இதுதானாம்! அப்பப் போன வருசம் வந்தது என்ன? நான் வெசத்தை வெச்சுக் குடுத்ததை மருந்துன்னு குடிச்சுட்டு எந்திரிச்சு உக்காந்துக்கிட்டா. பாசத்தை வெச்சுக் குடுத்ததுக்கு ஒத்தை வார்த்தை. இவளை நான் எதுல செயிக்கறது? நான் அடிச்ச அடியையும் அவளே எடுத்துக்கிட்டாளே!

பேரு தெரிஞ்சதும் எனக்குத் தனியா அனுப்பினா. “நீங்கதானா தெய்வானை அக்கா? ஒரு நாள் வீட்டுக்கு வாங்க. ஒரு விஷயம் சொல்லணும், கோவிச்சுக்காதீங்க. போன வருஷம் நீங்க எழுதினதை நான் இன்னும் படிக்கலை. படிக்காமலேதான் நன்றி போட்டேன்.” படிக்கலை! ஒரு வருசமா படிக்கலை! படிச்சுட்டுத்தான் நன்றி சொல்லோணும்னு தெளிவா எழுதி வெச்சிருக்கேன். படிக்காமச் சொன்ன நன்றி எப்படிச் செல்லும்?

அதுதான் கெளம்பிட்டேன். இந்தப் பையில இருக்கறது அந்தக் கதைதான். பையனைத் திட்டி, பெரிய எழுத்தா பிரிண்டு எடுத்துக்கிட்டேன். அவ முன்னாடி வெச்சு, “படி”ன்னு சொல்லப் போறேன். முதல் எழுத்துல இருந்து கடைசி எழுத்து வரைக்கும் நான் எதிர்ல உக்காந்திருக்கப் படிக்கோணும். ஃபேனு எடம், கரண்டு போற எடம், பத்திரிகையில வீசற எடம், எல்லாத்தையும் படிக்கோணும். படிச்சுட்டு எது நல்ல சீருன்னு சொல்லட்டும். அப்பத்தான் என்ற ஆத்திரம் அடங்கும்.

என்ன? என்ன சொன்னே? சத்தமாச் சொல்லு, வண்டிச் சத்தத்துல கேக்கலை.

ம்.

ஆமா. கெழவன் கெழவி ஆகற கதைதான். ஆமா, அவ ஆகாதுல போட்டதுதான். ஆனா அது இந்த வருசத்து ஆகாது, இது போன வருசத்துக் கதை. போன வருசம் இது ஆசையா இருந்துச்சு. அதனால… அப்படிப் பாத்தா… நீ என்ன வக்கீலுக்குப் படிக்கறியா?

இல்லை, நீ கேட்டது தப்பில்லை. இரு, யோசிக்கறேன்.

கோயில்பாளையம் தாண்டியாச்சா? இந்த டிரைவருக்கு என்ன அவசரம், இப்படி முடுக்கறான்.

ஆகாதுன்னு சொன்னதைக் கொண்டு போய் ஒருத்தர்கிட்ட நீட்டினா வெளிய போகோணும். அப்படித்தான் எழுதியிருக்கேன். எந்த வருசத்து ஆகாதுன்னு எழுதலை. கலைமதியைக் கல்யாணத்தன்னிக்கு உடலை, என்னை மட்டும் உட்டா குரூப்பு என்னத்துக்கு ஆகும்? விதி போட்டவளே மீறினான்னு பேராயிரும். நான் அவமேல எரக்கப்பட்டுச் சொல்றேன்னு நெனைக்காதே. எனக்கு இன்னும் கோவம் தீரலை. செத்தாலும் தீராது. ஆனா குடுக்க முடியாது. என்ற விதியே என்ற கையைக் கட்டுது.

இன்னொண்ணைக்கூட நான் வெச்சிருந்தேன். அந்த டம்ளர் கதை உன்னை அழ வெக்கறதுக்கு எழுதினது, சீரு இல்லைன்னு அவ மூஞ்சிக்கு நேராச் சொல்லீரலாம்னு. அதையும் சொல்ல முடியாது. எதுக்கு எழுதினேன்னு விளக்கம் சொல்லப்படாது. அந்தத் தாராபுரத்தான் மட்டும் என்ற கையில கெடைச்சான்னா!

அப்ப நான் போய் என்ன பண்றது? உக்காந்திருக்கோணும். அவ காப்பி கொண்டாந்து வெப்பா. ரெண்டு டம்ளரு எடுப்பா, எனக்கொண்ணு அவளுக்கொண்ணு. “எப்படி அக்கா உங்களுக்குத் தெரிஞ்சுது”ன்னு கேப்பா. நான் வாயை மூடிக்கிட்டுக் குடிச்சுட்டு வரோணும். அவ நன்றி சொன்னா வாங்கிக்கோணும். கெரகம், எந்த நேரத்துல இந்த விதியெல்லாம் எழுதினனோ.

கண்டக்டர், கணபதி ஒண்ணு எறங்கோணும்!

இந்தா, இதைப் புடி. ஆமா, இந்தக் கதைதான். கொண்டு போய் நான் என்ன பண்றது, அவ ஊட்டுல பைக்குள்ள இருந்தாலே கை சும்மா இருக்காது, எடுத்து நீட்டீரும். நீ படி. கழுத்துல புது மஞ்சக்கயிறு மின்னுது. உன்ற ஊட்டுக்காரர் நல்லா இருக்காரல்ல? சீக்கு நோவு ஒண்ணும் இல்லையல்ல? அப்பச் சரி, உனக்கு ஆகாதுன்னு ஒண்ணும் இல்லை. கடைசிப் பக்கத்துல என்ற நம்பர் இருக்குது. படிச்சுட்டு இன்னிக்கே சொல்லிப்போடோணும், நாளைக்கு ஆகப்படாது.

ஒத்தை வார்த்தையில மட்டும் சொல்லீராதே அம்மிணி.